மாற்றுச் சீட்டில் உன் கையெழுத்து

டேய் வேலு,

கிழிப்பதாக இருந்தால் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கிழி. உள்ளே மடித்து வைத்திருக்கும் பச்சைச் சீட்டை மட்டும் கிழித்துவிடாதே. அது போனால் இன்னொன்று வாங்க எனக்கு நேரமில்லை. இன்று வியாழக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணியோடு மாற்றுச் சீட்டு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். திங்கட்கிழமை நீ குஜராத் ரயில் ஏறப் போவதாக தில்லிபாபு சொன்னான். அவன் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். என் போனை நீ எடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. பதினோரு மாதமாக நான் பேசாமல் இருந்திருப்பேன் என்று நினைக்காதே. நீ எடுக்காத போனில் முழுக் கதையும் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன். உன் சித்தி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டு நிற்பாள்.

உன் அப்பா என் அண்ணன். அவரும் அண்ணியும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஆறு வயது. கவரைப்பேட்டை வீட்டு வாசலில் உன்னைத் தோளில் தூக்கி வந்து இறக்கினேன். அன்றிலிருந்து நீ என்னை நைனா என்றாய், சித்தியை அம்மா என்றாய். அண்ணன் மகன் என்று நான் யாரிடமும் உன்னை அறிமுகம் செய்ததில்லை. "எம் பையன்" என்றுதான் சொன்னேன். நான் சொன்ன ஆயிரம் விஷயங்களில் முழுக்க உண்மையான ஒன்று அதுதான். மற்றதில் ஒன்றுக்குப் பத்து சேர்த்திருப்பேன். சோழவரத்தில் கார் ரேஸ் ஓடிய காலத்தில் நின்றுபோன ஒரு ரேஸ் காரை நான் ஒருவனே தள்ளிக் கிளப்பிவிட்டேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன் இல்லையா? காரைத் தள்ளியவர்கள் ஆறு பேர். நான் ஏழாவதாகப் பின்னால் ஓடினேன். ரேஸ் கார்கூட இல்லை, தண்ணீர் கொண்டு வந்த வேன்.

அந்தப் பழைய ரேஸ் பாதைக்குப் பக்கத்து மைதானத்தில்தான் பேஸ்பால் வந்து சேர்ந்தது. கார் பாகம் செய்கிற கம்பெனியின் கொரியா சார் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மூலையில் நான்கு மூட்டையைப் போட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூர் பக்கத்திலிருந்தும் ஆறு கம்பெனி ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் வேலை செய்கிற கம்பி மில் அணிக்கு யார் மேனேஜர் என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. எட்டாவதில் பாதி படித்தவன் நான். அவர் கொடுத்த இங்கிலீஷ் விதிப் புத்தகத்தை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். படம் பார்த்தேன், அவ்வளவுதான். முதல் ஆட்டம் பார்க்க வந்த உன் சித்தி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

"இன்னாய்யா வெளையாட்டு இது? கட்டையால அடிச்சிட்டு சுத்தி சுத்தி ஓடறானுங்க. கடைசில பொறப்பட்ட எடத்துக்கே வந்து நிக்கிறானுங்க."

"அதான்டி வெளையாட்டு. பொறப்பட்ட எடத்துக்கு எத்தினி பேரு முழுசா திரும்பி வரானோ அத்தினி பாயிண்டு."

"அப்ப எம் புள்ள ஏன் மூஞ்சில கூண்டு மாட்டிகினு குந்திகினே இருக்கான்?"

நீ கேட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் முகக்கூண்டு போட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வீசுகிறவனுக்கு விரலால் சைகை காட்டி, வந்த பந்தை வாங்குபவன். எத்தனை பந்து உன் மார்பில் பட்டு விழுந்தது, எத்தனை பந்து பின்னால் போகாமல் நின்றது என்று எந்த நோட்டிலும் எழுத மாட்டார்கள். என் நோட்டிலும் எழுதவில்லை. என் நோட்டில் அடித்தவன் பெயர் இருக்கும், எவ்வளவு தூரம் போனது என்று இருக்கும், அந்தத் தூரத்தோடு நான் சேர்த்துக்கொண்ட பத்தடியும் இருக்கும். உன் பெயர் ஆட்ட வரிசையில் ஒரு முறை வரும். அதோடு சரி.

நம் லீகின் வழக்கம் வேறு எங்கும் கிடையாது என்று கொரியா சாரே சொல்வார். பொங்கல் முடிந்து ஆட்டம் தொடங்கும். மாசி மாதக் கடைசி ஞாயிறு வரை ஆளை மாற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு ஒருவன் வேண்டும் என்றால் எங்களில் ஒருவனையோ இருவரையோ கொடுக்க வேண்டும். ஆறு கம்பெனிக்கும் ஆள் விடுவது ஒரே காண்ட்ராக்டர் என்பதால், அணி மாறினால் வேலையும் மாறும். ஷிப்ட் முடிந்து அங்கேயே பயிற்சிக்குப் போக வேண்டும் அல்லவா? அதனால் காண்ட்ராக்ட் ஆட்களை மட்டும்தான் மாற்றலாம். மஞ்சள் பாஸ்காரன் மாறுவான். நீல பாஸ் வைத்திருக்கும் பர்மனென்ட் ஆளை யாரும் அசைக்க முடியாது. பெயர் மாறுகிற ஆளும் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்ததையே ஏன் எழுதுகிறேன் என்றால், நான் செய்ததை முழுதாக எழுத வேண்டும். இதைத் தாண்டாமல் அங்கே போக முடியவில்லை.

போன மாசியில் நாம் மூன்றாவது இடத்தில் இருந்தோம். ரப்பர் கம்பெனி அணியில் தில்லிபாபு அடித்த பந்து ஒன்று ஏரிக்குள் விழுந்ததைப் பார்த்தேன். ஏரியில் விழவில்லை, கரை ஓரத்துச் சேற்றில் விழுந்தது; ஆனால் நான் பார்த்தபோது ஏரிக்குள்தான் விழுந்தது. இவன் நம்மிடம் இருந்தால் கோப்பை நமக்குத்தான் என்று டீக்கடையில் முழங்கினேன். ரப்பர் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "தில்லிய தரேன் மாமே, ஒன் கேட்சர தள்ளு" என்றான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தூரம் போகிற பந்து எதிரே, உட்கார்ந்தே இருக்கிற பையன் இந்தப் பக்கம். லாபம் யாருக்கு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் என்றேன்.

உன்னைக் கேட்கவில்லை. சீட்டில் உன் பெயருக்கு நேரே உன் கையெழுத்தை நானே போட்டேன். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் அப்பா இடத்தில் பத்து வருஷம் கையெழுத்துப் போட்ட கை அது. உன் பெயரையும் அப்படியே போட்டுவிட்டது.

திங்கட்கிழமை காலை நீ கேட்டில் நின்றாய். வாட்ச்மேன், "உன் பாஸ் ரப்பர் கம்பெனிக்குப் பூட்ச்சிப்பா, உங்க நைனா சொல்லலியா?" என்று கேட்டானாம். நீ அவனைத் தாண்டி உள்ளே வந்து, ஷெட்டில் என் கிரேனுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாய். மேலே கண்ணாடிக் கூண்டில் நான். முட்டையை எடுத்து உடையாமல் இன்னொரு முட்டை மேல் வைப்பேன் என்று பீற்றிக்கொள்கிற கிரேன்காரன். கீழே யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் அந்த மூலைக்குப் போனேன். அங்கே எனக்கு வேலையே இல்லை. திரும்பி வந்து பார்க்கிறேன், நீ இல்லை.

சாயங்காலம் பையை எடுக்க வந்தாய். சித்தி வழியை மறித்துக்கொண்டு அழுதாள். நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "நைனா, உனக்குத் தெரியுமா தெரியாதா? அத்த மட்டும் சொல்லு."

"எனக்கு இன்னாடா தெரியும்? ஆட்டத்துக்காகப் பண்ணேன். சீசன் முடிஞ்சா திரும்பி வந்துடப் போற" என்றேன்.

நீ கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை. மில்லில் மூன்று வருஷம் விடாமல் வேலை செய்த மஞ்சள் பாஸ்காரர்களைப் பரீட்சைக்குக் கூப்பிட்டு நீல பாஸ் கொடுப்பார்கள். உனக்கு இன்னும் நான்கு மாதம்தான் பாக்கி. நடுவில் போனவன் சர்வீஸ் அறுந்துபோகும். சீசன் முடிந்து நீ திரும்புவதற்குள் மில்லில் புது ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். விதி அப்படி ஆகிவிட்டது, நான் என்ன செய்வேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தியிடம் சொன்னேன், தெருவில் சொன்னேன், கோயில் ஐயரிடம்கூடச் சொன்னேன்.

முதலில் ஆட்டக் கணக்கை முடித்துவிடுகிறேன். தில்லி வந்தான், நன்றாகத்தான் அடித்தான். நாம் தோற்றோம். மறுபடி அடித்தான், மறுபடி தோற்றோம். நீ இருக்கும்போது சிங்கம் மாதிரி வீசிய நம் வீச்சாளன் அன்பு, நீ போன மறுவாரம் பந்தை வீசாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். "அண்ணே, வேலு ரெண்டு வெரல் காட்டிட்டு கண்ண சிமிட்டுவான், எனக்கு தைரியமா இருக்கும். இவன் பந்த பாத்தாலே கண்ண மூடறான்" என்றான். உன் இடத்தில் உட்கார்ந்தவனைத் தாண்டிப் பந்தெல்லாம் பின்னால் ஓடியது. அங்கே ரப்பர் கம்பெனியில் பேர் தெரியாத வீச்சாளர்கள் இருவர் உன் விரலைப் பார்த்து வீசிக் கோப்பையைத் தூக்கினார்கள். கொரியா சார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார்: "அண்ணா, பால் தூரம் போச்சு. ரொம்ப நல்லா. கேட்சர் எங்கே?"

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவர் விடவில்லை. "வந்த ஆள் மட்டும் எண்ணினா தப்பு. போன ஆள் கூட என்ன என்ன போச்சு, அதுவும் எண்ணணும்."

எண்ணினேன், வேலு. உன்னோடு அன்புவின் தைரியம் போனது. சாயங்காலம் இரண்டு டம்ளர் டீ போட்டு ஒன்றைத் திரும்பக் கொட்டுகிற சித்தியின் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை. அவள் என்னோடு பேசுகிற பேச்சு போய்விட்டது. சோறு வைத்துவிட்டுத் தட்டைத் தட்டுவாள், அவ்வளவுதான். நான் பேசுவதை எல்லாம் "அப்புறம் நைனா?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் போனது. நான் அளந்தால் நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவன் நீ ஒருவன்தான்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியும்.

மாற்றுச் சீட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆபீஸ் மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்: "உங்க பையன் பேர் லிஸ்ட்ல வருது. நாலு மாசம் லீவு போடாம பாத்துக்கோங்க." நீயும் அன்றே கேள்விப்பட்டு ஓடி வந்தாய். சித்தி கேசரி கிண்டினாள். கிண்டிக்கொண்டே, "இனிமே ஊட்ல ரெண்டு நீல பாஸ்" என்றாள். நான் கேசரித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் வீட்டில் ஒரு நீல பாஸ்கூடக் கிடையாது. இருபத்தாறு வருஷமாக நான் மஞ்சள் பாஸ்தான். கல்யாணப் பேச்சின்போது சித்தியின் அப்பாவிடம் பர்மனென்ட் என்று சொன்னது. அதற்குப் பிறகு அதைத் திருத்தத் தைரியமே வரவில்லை. பாஸைக் கழுத்தில் மாட்டாமல் சட்டைப் பையில் பழைய கவருக்குள் வைத்திருப்பேன். கிரேன் ஆட்கள் அரை மணி முன்னதாகப் போக வேண்டும் என்று சொல்லி, நீ வருவதற்கு முன்னால் பின்கேட் வழியாக நுழைந்துவிடுவேன். பரீட்சைக்கு மூன்று முறை பெயர் வந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்துப் பரீட்சை என்றதும் உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். எட்டாவதில் பாதி படித்தவன், எழுதினால் என்ன தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்கிற பயம். நீ நீல பாஸோடு மேல் கேன்டீனுக்குப் போனால், சுவரில் பர்மனென்ட் ஆட்களின் பெயர் வரிசை இருக்கும். அதில் என் பெயரைத் தேடுவாய். அந்த ஒரு நினைப்பு என்னை இரண்டு நாள் தின்றது. ஞாயிற்றுக்கிழமை ரப்பர் மேனேஜர் "கேட்சர தள்ளு" என்றபோது, தில்லியின் அடி எவ்வளவு தூரம் போனது என்று நான் பார்க்கவில்லை. நீ எவ்வளவு தூரம் போவாய் என்று பார்த்தேன். ரப்பர் கம்பெனி இருக்கும் மணவாள நகர் போதுமான தூரமாகத் தெரிந்தது.

எழுதிவிட்டேன். கை இன்னும் கழன்று விழவில்லை.

இதை நேற்று சித்தியிடமும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "பாஸு கலர பாத்தாய்யா நான் உன்ன கட்டிகினேன்?" என்றாள். பிறகு, "அவனுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பொன்னேரி ஸ்டேஷன் ஞாபகம் வந்தது.

நீ மில்லில் சேர்ந்த முதல் மாதம். ரயிலில் ஏறும் நெரிசலில் என் சட்டைப் பையிலிருந்து பாஸ் பிளாட்பாரத்தில் விழுந்தது. நீதான் குனிந்து எடுத்தாய். கவர் தனியே, பாஸ் தனியே. நீ அதைக் கவிழ்த்து, கவருக்குள் நுழைத்து, என் பையில் சொருகி மேலே ஒரு தட்டுத் தட்டினாய். "பத்திரம் நைனா" என்றாய். ரயில் வந்துவிட்டது, நான் ரேஸ் கார் கதையைத் தொடர்ந்தேன், நீ "அப்புறம்?" என்றாய். மூன்றரை வருஷமாக உனக்குத் தெரிந்திருக்கிறது. சித்திக்கு முன்னால், தெருவுக்கு முன்னால், என் பின்னால் ஓடிப் போகவிருந்த பந்தை எல்லாம் மாரில் வாங்கி நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறாய். அதையும் என் நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறேன். எதை மறைக்க உன்னை விரட்டினேனோ, அதை நீ எனக்காக ஏற்கெனவே மறைத்துக்கொண்டிருந்தாய். இந்த உலகத்தில் இதைவிட மட்டமாக ஆள் மாற்றிய மேனேஜர் எவனும் இருக்க மாட்டான். இதில் நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் ஆபீஸ் மேடம் முன்னால் போய் நின்றேன். "ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வந்தா பழைய சர்வீஸ் சேரும். ஆனா புது ஆள் எடுக்கிறது நின்னிருக்கு. மாற்றுச் சீட்டுல வந்தா திரும்பி வந்த ஆளா எடுத்துக்கலாம்" என்றார்கள். அந்த ஒரு வருஷம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. வேறு வழி கிடையாது, வேலு. ஞாயிறு ஆறு மணி தவறினால் நீ குஜராத்தில் இன்னொரு மஞ்சள் பாஸ் வாங்குவாய். அங்கே உனக்கு வயதாகும். உன் பிள்ளையிடம் நீயும் ஏதாவது அளக்க ஆரம்பிப்பாய்.

அங்கிருந்து நேரே டீக்கடைக்கு, ரப்பர் மேனேஜரைப் பார்க்கப் போனேன். உனக்குப் பதில் தில்லியைத் திருப்பித் தருகிறேன் என்றேன். தில்லிக்கும் அதுதான் ஆசை. அவன் வீடு, கைக்குழந்தை எல்லாம் மணவாள நகரில். தினம் இரண்டு ரயில் மாறி வருகிறான். "அண்ணா, நான் தூரமா அடிக்கிறதெல்லாம் எங்க ஊட்டு பக்கம் பாத்துதான் அடிக்கிறேன்" என்பான். மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. கோப்பை வாங்கித் தந்த கேட்சருக்கு ஒருவன் போதாது என்றான்.

"அவன் திங்கக்கெழம குஜராத் போறான்யா. அப்ப உனக்கு கேட்சரும் இல்ல, தில்லியும் இல்ல" என்றேன்.

"இன்னொரு ஆளு குடு, யோசிக்கிறேன்."

"நானு."

அவன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. "நீயா? உனுக்கு மூட்டே மடங்காதே மாமே! நீ பர்மனென்ட்டு வேற, உன்ன எப்டி மாத்துறது?"

சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்தேன். பாஸை உருவி அவன் மேஜையில், மஞ்சள் பக்கம் மேலே தெரிய வைத்தேன். டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வருஷா வருஷம் ஆட்ட வரிசையில் கடைசியாக என் பெயரையும் ஜம்பத்துக்கு எழுதி வைப்பேனே, அது முதல் முறையாக ஒரு உபயோகத்துக்கு வந்தது. "உங்க கம்பெனில புது கிரேன் வந்து நிக்குது, தொடறதுக்கு ஆளில்லன்னு கேள்விப்பட்டேன். ஆட்டத்துக்கு நான் தேற மாட்டேன். கிரேனுக்குத் தேறுவேன்" என்றேன். முட்டைக் கதையைச் சொல்லவில்லை. அவன் பாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சீட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

அந்தச் சீட்டுத்தான் இது. போகிறவர் பத்தியில் தில்லியின் கையெழுத்து இருக்கிறது, அதற்குக் கீழே என்னுடையது. நான் உன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதைக் கேட்கிற வாய் எனக்கு இல்லை. என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நான் அதிகாலை முதல் ரயிலில் போய்விடுவேன், நீ எழுந்திருக்கும்போது வீட்டில் இருக்க மாட்டேன். சித்தி இரண்டு டம்ளர் டீ போடுவாள், ஒன்று வீணாகாது. மைதானத்தில் அன்பு கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து கொரியா சார் மேஜைக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். ஆறு மணி வரை பேச மாட்டேன். சத்தியமாக.

வருகிறவர் பத்தியில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்கு நேரே இருக்கும் இடத்தைப் பார். போன வருஷம் நான் நிரப்பிய அதே இடம். உன் கையெழுத்து எனக்கு இன்னும் அச்சு மாறாமல் வரும், ஒரு நொடி போதும். தொடவில்லை, வேலு. காலியாக இருக்கிறது.

நைனா